பாரனோயாவை அளக்க எந்த வினாத்தாள்?

மருத்துவமனைக்கு வெளியே, பொதுமக்களிடம் பாரனோயாவை, அதாவது பிறர் தனக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற ஆதாரமற்ற சந்தேகத்தை, அளக்கப் பல வினாத்தாள்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒன்றுதான் என்றாலும் அவை அளக்கும் பொருள் ஒன்றல்ல.

இங்கே பார்ப்பவற்றுள் மூத்தது ஃபெனிக்ஸ்டைன், வேனபிள் இருவரும் 1992இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து உருவாக்கிய பாரனோயா ஸ்கேல். 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 20இலிருந்து 100 வரை. மதிப்பெண்கள் நன்றாகப் பரவி நிற்பதால் புள்ளியியல் ஆட்களுக்கு இதைப் பிடிக்கும். அந்தப் பரவலுக்குக் காரணமே இதன் குறையும்கூட. யாரையும் நம்பாதிருப்பது, மனக்கசப்பு போன்ற பொதுவான அவநம்பிக்கையும் இதில் கலந்திருக்கிறது. கறுப்பின அமெரிக்கர்கள் இதில் சராசரியாக அதிகம் எடுப்பதைப் பார்த்து அவர்களுக்குப் பாரனோயா கூடுதல் என்று எழுதுவது அபத்தம். இனவெறியைக் கண்டவர்களின் நியாயமான எச்சரிக்கையும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

கிரீன் குழுவினரின் 2008 அளவுகோல் ‘கடந்த ஒரு மாதத்தில்’ என்று காலத்தை வரையறுத்துக் கேட்கிறது. 32 வாக்கியங்கள், இரு சம பகுதிகள்: பிறர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் ஒன்று, வேண்டுமென்றே தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் மற்றொன்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களைக் கொண்டு ஃப்ரீமன் குழு இதை 18 வாக்கியங்களாகச் சுருக்கியது: முதல் பகுதியில் 8, இரண்டாவதில் 10. இரண்டாம் பகுதியில் 11ஐத் தொட்டால் மருத்துவக் கவனம் வேண்டிய அளவு. 18ஐத் தொட்டால் துன்புறுத்தல் மருட்சி (பிறர் தனக்குக் கேடு செய்கிறார்கள் என்ற அசைக்க முடியாத பொய்நம்பிக்கை) இருக்கக்கூடும். இது சல்லடைதான், நோயறிதல் அல்ல.

இங்கே சறுக்கும் இடம் எண்ணிடுதல். பழைய 32 வாக்கிய வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் 1–5, புதிய 18 வாக்கிய வடிவத்தில் 0–4. இணையப் படிவம் தானாக 1–5 போட்டுவிட்டால், எதையுமே உணராத ஒருவருக்கு இரண்டாம் பகுதியில் 10 விழும். எல்லைக்கு ஒன்றுதான் குறைவு! இன்னொரு சிக்கல்: பொதுமக்களில் பலர் பூஜ்யத்தில் குவிவார்கள். சராசரியை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றும். இடைநிலை எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), எல்லையைத் தாண்டியோர் விழுக்காடு இரண்டையும் தர வேண்டும். புள்ளியியல் மாதிரியாக்கத்துக்கு, இப்படிப் பூஜ்யத்தில் குவியும் எண்களுக்கான நெகடிவ் பைனாமியல் பரவல் பொருந்தும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது மட்டும் கேள்வியென்றால், பெபிங்டனும் நயானியும் 1995இல் தந்த சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறும் மனநிலை) சல்லடை வினாக்கள் போதும். பிரிட்டன் தேசியக் கணக்கெடுப்புகளில் பயன்பட்டவை இவை. பிறர் எனக்கு எதிராக இருக்கிறார்கள், வேண்டுமென்றே கெடுதல் செய்கிறார்கள், ஒரு கூட்டமே சதி செய்கிறது என்று படிப்படியாக இறங்கும். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முதல் படிக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆம் என்றார். சதி வரை போனவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் இதில் தீவிரத்தின் ஏற்ற இறக்கம் தெரியாது. தூக்கமின்மை, தனிமை போன்றவற்றோடு நுட்பமாகத் தொடர்பு தேட அவ்வளவாக உதவாது.

புதிதாக ஆய்வு தொடங்குவோருக்கு 18 வாக்கிய வடிவமே என் தேர்வு. பழைய தரவோடு ஒப்பிட வேண்டியிருந்தால் மட்டும் 1992 பாரனோயா ஸ்கேலுக்குப் போகலாம்.

எதை எடுத்தாலும், இணையத்தில் கேட்டால் படிக்காமலே சொடுக்குபவர்களை வடிகட்டியாக வேண்டும். பெரும்பாலோர் பூஜ்யம் போடும் வினாத்தாளில் கண்டபடி சொடுக்கியவர் கடும் பாரனோயா உள்ளவராகத் தெரிவார். கூடவே இருக்கும் பதற்ற வினாத்தாளிலும் அவர் அப்படியே சொடுக்கியிருப்பதால், இல்லாத தொடர்பு ஒன்று முளைக்கும். ‘இங்கே இரண்டைத் தேர்ந்தெடுக்கவும்’ போன்ற சோதனை வரிகள் இரண்டை நடுவே வைத்து, தவறியவர்களை எப்படி நீக்குவது என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.