தோல் நோய்க்கு எந்த ஆப்? குடும்ப டாக்டர்களுக்கு ஓர் ஒப்பீடு

படத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லும் ஆப்புகளுக்குத்தான் இப்போது மவுசு. ஆனால் டாக்டரைக் கேள்வி கேட்க வைக்கும் ஆப்தான் உண்மையில் உதவும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் விஷுவல்டிஎக்ஸ் அந்த வகை. வயது, உடலில் எந்த இடம், காய்ச்சல் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று வாங்கிக்கொண்டு, சாத்தியமான நோய்களைப் படங்களோடு வரிசைப்படுத்தும். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் தடிப்பு நம் தோலில் கருமையாகவோ ஊதாவாகவோ தெரியும். கருந்தோல் படங்கள் இதில் நிறைய இருப்பது பெரிய பலம். குறை, சந்தா. சிறிய ஊர் கிளினிக்குக்கு அது சுமை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்கின் என்டிடி ஆப் (என்டிடி என்றால் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்) இலவசம். முகப்பருவுக்கோ நாள்பட்ட எக்ஸிமாவுக்கோ இதை நம்பி உட்கார முடியாது. தொழுநோய் போன்றவற்றைத் தவறவிடாமல் இருக்கத்தான் இது. வெளிறிய தேமல் என்றாலே 'பூச்சி' என்று குடற்புழு மாத்திரை கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கையில் அப்படியொரு திட்டு இருந்தால் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தொடுவது தெரியாவிட்டால் தொழுநோயாக இருக்கலாம். உணர்ச்சி இருந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவதே சரி. இப்படித் தொட்டுப் பார்க்கும் வேலையை எந்த கேமராவும் செய்யாது.

மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் அரசு சுகாதார நிலைய டாக்டர் சிறப்பு மருத்துவரோடு நேரடியாகப் பேசலாம். தனியார் கிளினிக் நடத்துபவருக்கு, தெரிந்த தோல் மருத்துவருக்கு நோயாளியின் சம்மதத்தோடு படம் அனுப்புவதே நடைமுறை. பகல் வெளிச்சத்தில், தள்ளி ஒன்று, கிட்டத்தில் ஒன்று எடுத்தால் போதும்.

படம் பார்த்துக் கணிக்கும் ஏஐ? ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட 656 படங்களின் சோதனையில், கருந்தோலில் ஏஐ கணிப்பின் துல்லியம் குறைந்தது. படர்தாமரையில் இன்னொரு சிக்கல்: மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசியிருந்தால் வட்டத்தின் ஓரம் அமுங்கி, பார்க்க வேறு ஏதோ போலிருக்கும். "என்னம்மா தடவினீங்க? ட்யூபைக் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டால்தான் பிடிபடும்.

செலவு செய்ய முடிந்தால் விஷுவல்டிஎக்ஸ். முடியாவிட்டால் ஸ்கின் என்டிடியும், போனை எடுக்கும் ஒரு தோல் மருத்துவரும். ஏஐ கணிப்பை நான் இப்போதைக்குக் கடைசியில்தான் வைப்பேன்.