மண்ணைத் தோண்டுகிறவருக்கு எந்த அயன்?

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் கொழும்பின் பொரளை கோல்ஃப் மைதானத்தில் ஆடினால், ஓர் அயனின், அதாவது உலோகத் தலை கொண்ட கோல்ஃப் மட்டையின், குணம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பந்துக்கு ஓரங்குலம் பின்னால் மட்டை இறங்கினாலே போதும். "சொத்" என்று ஒரு சத்தம், காற்சட்டையெல்லாம் சேறு, பந்தோ பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும். கூட வந்த கெடி, அதாவது பை சுமப்பவர், பண்போடு வேறு பக்கம் பார்ப்பார்.

பிழை பொறுக்கும் அயன் என்று விற்கப்படுபவை எல்லாம் எந்தப் பிழையைப் பொறுக்கின்றன என்பதை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. பந்து மட்டை முகத்தின் நடுவில் படாமல் நுனியிலோ அடிமுனையிலோ படுவது ஒரு பிழை. பந்துக்கு முன்பே மண்ணைத் தொடுவது வேறொரு பிழை. முன்னதற்கு மருந்தான அயன் பின்னதற்கும் மருந்தாக வேண்டும் என்றில்லை. கொழும்பின் ஈர நிலத்தில் வார இறுதிக்கு மட்டும் ஆடும் நம்மில் பலரை வாட்டுவது பின்னதுதான்.

எங்கள் குழுவில் மூன்று வகை இருக்கின்றன. மாமாவிடம் பழைய பிங் ஐ2, என்னிடம் பிங் ஜி430, அலுவலக நண்பரிடம் கிளீவ்லண்ட் லோஞ்சர் எக்ஸ்எல் ஹேலோ. ஆறேழு மாதங்களாக ஒருவர் மட்டையை ஒருவர் வாங்கி அடித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டவை இவை.

முதலில் மாமாவினுடையது. ஐ2 வெளிவந்தது 1982இல். பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஒரு பொறியியலாளர். அயன் தலையின் நடுவில் இருந்த எடையைச் சுரண்டி ஓரங்களுக்குத் தள்ளுவதே அவர் கையாண்ட வழி. காவடித் தண்டின் இரு முனையிலும் பாரம் தொங்கினால் அதைச் சட்டென்று திருப்ப முடியாது அல்லவா? அதே கணக்குத்தான். பந்து நுனியில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது, பந்து ஓரளவாவது நேரே போகும். இன்று கடையில் உள்ள பொழுதுபோக்கு அயன்கள் எல்லாம் இந்த ஒரு யோசனையின் பேரப்பிள்ளைகள். ஐ2இன் முகத்தில் இருந்த சதுரப் பள்ளங்களால் விதி வகுப்போருக்கும் பிங்குக்கும் இடையே பெரிய வழக்கே நடந்தது. 1990 ஏப்ரல் 1க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு கிடைத்தது என்பதை மாமா தேநீர் நேரத்தில் தவறாமல் நினைவூட்டுவார்.

யாராவது சும்மா தந்தால் ஐ2ஐ வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்குவதானால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அயனின் இலக்கம் ஏற ஏற முகத்தின் சாய்வு கூடும், தூரம் குறையும். ஐ2இன் 7ஆம் இலக்க அயனின் சாய்வு 35 பாகைக்கும் மேல், அதனால் பந்து உயரும், ஆனால் தூரம் குறையும். பழைய உருக்குத் தண்டோ கையை உலுக்கிவிடும். குளிர்ந்த காலையில் நுனியில் ஒன்று பட்டால் மாமா முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம்.

ஜி430 2023இல் வந்தது. 7ஆம் இலக்கத்தின் சாய்வு 29 பாகை. அதாவது மாமாவின் 7க்கும் என் 7க்கும் ஆறு பாகைக்கு மேல் வித்தியாசம். நான் அவரைவிட ஒன்றரை இலக்க மட்டையளவு கூடுதல் தூரம் அடிக்கிறேன் என்று பெருமைப்படுவதெல்லாம் இலக்கத்தை மாற்றிப் பொறித்ததால் வந்த பெருமை. சாய்வு குறைந்தும் பந்து உயருவதற்குக் காரணம், எடை தலையின் கீழ்ப்பகுதியில் குவிந்திருப்பதும் மெல்லிய முகம் நெகிழ்ந்து தள்ளுவதும். நுனியில் பட்ட பந்துக்கு இதைவிடப் பொறுமையான மட்டையை நான் தொட்டதில்லை. தண்ணீர் வழுக்கிப் போகும்படி மேற்பூச்சும் உண்டு, நனைந்த புல்லில் அது உதவுகிறது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மைத்துனர் விடுமுறைக்கு வரும்போது பாவித்த ஜி430 தொகுதி ஒன்றைப் பயணப்பெட்டியில் சொருகிக் கொண்டுவந்தார். 5 முதல் பிட்ச்சிங் வெட்ஜ் வரை (வெட்ஜ் என்பது கிட்டத்துக்கு அடிக்கும், சாய்வு கூடிய அயன்). வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன். இந்தத் தொகுதியின் பிட்ச்சிங் வெட்ஜ் வெறும் 41 பாகை, என்னிடம் ஏற்கெனவே இருந்த சாண்ட் வெட்ஜ் 56 பாகை என்பது மைதானத்தில்தான் உறைத்தது. நடுவில் 15 பாகை வெற்றிடம். கிரீனுக்கு (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரைக்கு) தொண்ணூறு கெஜம் என்று கெடி சொன்னால் ஒன்றை அரைக் கையால் அடிக்க வேண்டும், மற்றதை உயிரைக் கொடுத்து அடிக்க வேண்டும். பிங்கே 45.5, 50, 54, 58 பாகைகளில் வெட்ஜ் செய்திருக்கிறது. முதல் இரண்டும் இல்லாமல் இந்தத் தொகுதியை வாங்குவது, அச்சாணி இல்லாமல் வண்டி வாங்குவது போல. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்பதால் மேலே உள்ள நீள மட்டைகளில் ஒன்றிரண்டைக் கழற்றவும் நேரும்.

மண்ணைத் தோண்டும் பிழைக்கு ஜி430 சுமாரான மருந்துதான். அடிப்பாகம் மாமாவினுடையதைவிட அகலம் என்றாலும், ஈரக் களிமண்ணில் செங்குத்தாக இறங்கினால் அதுவும் புதைகிறது.

ஹேலோவின் கதை வேறு. பையிலிருந்து அதை முதலில் எடுத்தபோது மாமா கேட்டார்: "தம்பி, இது அயனா, அகப்பையா?" பின்புறம் புடைத்து, உள்ளே கூடாக, பாதி ஹைபிரிட் (அயனும் பருத்த தலை மட்டையும் கலந்த வகை) போன்ற உருவம். அழகு சுத்தமாக இல்லை. ஆனால் கவிழ்த்துப் பாருங்கள்: அகன்ற அடிப்பாகத்தில் நீளவாக்கில் தண்டவாளம் போன்ற வரம்புகள் ஓடுகின்றன. பந்துக்கு இரண்டங்குலம் பின்னால் இறங்கினாலும் மட்டை புதையாமல் தரையை வழித்துக்கொண்டு சறுக்கிப் பந்தைச் சேருகிறது. தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதே அடியை என் மட்டையால் அடித்தால் புல்தரையில் ஒரு குழியும் முகத்தில் அசடும் மிஞ்சும்.

செயற்கைப் பாயில் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பாயில் எந்த மட்டையும் சறுக்கும், மண்ணைத் தொட்ட அடியும் நல்ல அடி போலப் பறக்கும். பாயில் நான்கு பந்து அடித்துவிட்டு அயன் வாங்குவது, மாப்பிள்ளையைக் கல்யாண வீட்டில் மட்டும் பார்த்துப் பெண் கொடுப்பது போல. புல்லில், முடிந்தால் மழைக்கு மறுநாள், இரவல் வாங்கி அடித்துப் பாருங்கள்.

ஹேலோவின் குறைகளும் சின்னவை அல்ல. கிரீன் ஓரத்தில் மெதுவாகத் தட்டிவிட வேண்டிய இடத்தில் அந்தப் பருத்த தலை கைக்கு அடங்குவதில்லை. பந்து உயரமாகவே போகும், தாழ்த்தி அடிக்க வழியில்லை. கொழும்பில் 1879இல் கோல்ஃப் தொடங்கியது காலிமுகத்திடலில். கழகம் 1896இல் பொரளைக்குக் குடிபெயராமல் கடற்காற்று அடிக்கும் அந்தத் திடலிலேயே இருந்திருந்தால், ஹேலோவால் அடித்த பந்துகளில் பாதியைக் கோட்டைப் பக்கம் போய்த்தான் தேட வேண்டியிருக்கும். பொரளையில் அந்தப் பயம் குறைவு.

தண்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளவத்தை போல் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் கிராபைட் தண்டையே கேளுங்கள். உப்புக் காற்றில் உருக்குத் தண்டின் பூச்சு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், கிராபைட்டுக்கு அந்த நோய் இல்லை. முழங்கைக்கும் இதம்.

பழைய பிங் வாங்குகிறவர்கள் தலையில் உள்ள வண்ணப் புள்ளியைப் பாருங்கள். மட்டையைத் தரையில் வைத்தால் தண்டு எவ்வளவு நிமிர்ந்து நிற்கும் என்பதை அது சொல்லும். கறுப்பு பொது அளவு, நீலம் நிமிர்ந்தது, சிவப்பு படுத்தது. வலக்கையால் ஆடும் குட்டையானவர் நீலப் புள்ளியைக் கையில் எடுத்தால் பந்து இடப்பக்கமாகவே ஓடும், பழியோ ஆட்டத்தின் மேல் விழும்.

என்னைக் கேட்டால், பந்து நுனியில் படுகிறவருக்கு இடைவெளி வெட்ஜுகளோடு ஜி430. என்னைப் போல் தோண்டுகிறவருக்கு 5, 6, 7 மட்டும் ஹேலோ, 8இலிருந்து வெட்ஜ் வரை வழக்கமான அயன். இரண்டையும் கலந்து வைத்திருப்பது பார்வைக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கும், பந்துக்கு அது தெரியாது. நானும் அந்த மூன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை, மைதானத்தின் ஊடாகப் போகும் களனிவெளிப் பாதையில் அவிசாவளை ரயில் கடக்கட்டும் என்று எல்லோரும் நின்றோம். மாமாவின் பந்து ஈரமான பள்ளத்தில் கிடந்தது. ரயிலைப் பார்ப்பது போலவே நின்றவர், நண்பரின் பையிலிருந்து 6ஆம் இலக்க அகப்பையை உருவி எடுத்தார். ரயில் போனது. பந்து கிரீனின் முன்விளிம்பில் விழுந்து உருண்டது. அடுத்த இரண்டு குழிகளுக்கும் அந்த மட்டை நண்பரின் பைக்குத் திரும்பவில்லை. அவரும் கேட்கவில்லை.