நேபாள மலைப்பள்ளியில் ஆசிரியர் சேவை என்று பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கண்டனூர் வட்டாரத்தில், முக்திநாத் யாத்திரையோடு சேர்த்து நேபாள மலைக் கிராமம் ஒன்றில் ஆசிரியர் சேவையும் செய்துவரலாம் என்று சொல்லி ஒரு பயண நிறுவனம் ஆள் சேர்த்து வருகிறது. அதில் பணம் கட்டிப் போய்வந்தவர்களில் நானும் ஒருவன். பணம் போனதைவிட, படிக்கும் பிள்ளைகளைக் காட்டி அந்தப் பணத்தை வாங்கினார்கள் என்பதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. ஆகவே நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

நான் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் சிலரும், வங்கி வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர்களும், கொல்கத்தாவில் வளர்ந்ததால் இந்தி நன்றாகப் பேசும் தேவகோட்டை ஆச்சி ஒருவரும் உடன் வந்தார்கள். கட்டணம் ஆளுக்கு 64,000 ரூபாய். காசியில் நகரத்தார் சத்திரத்தில் தங்கி, கோரக்பூர் வழியாகச் சுனௌலி எல்லையைக் கடந்து போக்ரா சென்று, முக்திநாதரைச் சேவித்தபின், லம்ஜுங் மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் தங்கி அங்குள்ள அரசுப் பள்ளியில் ஆங்கிலமும் கணக்கும் நடத்துவது என்பது அவர்கள் அச்சிட்டுக் கொடுத்த திட்டம். கட்டணத்தில் 12,000 ரூபாய் பள்ளிக்கு நேரடியாகச் சேரும் நன்கொடை என்றும் அதில் இருந்தது.

யாத்திரைப் பகுதியில் குறையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முக்திநாத்துக்குப் போகும் வழியில் விமானம் இறங்கும் ஜோம்சோமில் முற்பகல் தாண்டினால் காற்று எழுந்துவிடும் என்பதால் அதிகாலையிலேயே விமானம் ஏற்றிவிட்டார்கள். 3,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூச்சு வாங்கிய பெரியவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் 108 தாரைகளிலும் நீராட வைத்தார்கள். அந்த நம்பிக்கையோடுதான் பள்ளிக்குப் புறப்பட்டோம்.

லம்ஜுங் மாவட்டத் தலைநகரான பேசிசகர் வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஜீப்பில் ஏறினோம். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது வகுப்பறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. தாழ்வாரத்தில் மக்காச்சோளக் கதிர்களைக் காயப்போட்டிருந்தார்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் நெடிய மூங்கில்களை நட்டு, உச்சியில் சேர்த்துக் கட்டி ஊஞ்சல் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் முறைவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்போது அங்கே தசைன் பண்டிகை. நம் ஊரில் நவராத்திரி நடக்கும் அதே நாட்களில் வரும் இந்தப் பண்டிகைதான் நேபாளத்தின் ஆகப்பெரிய பண்டிகை. வீட்டுக்கு வீடு நம் முளைப்பாரியைப் போலவே இருட்டறையில் வாற்கோதுமை முளைவிட்டிருக்கும், வெளியூரில் இருப்பவர்கள் பெரியவர்கள் கையால் நெற்றியில் திலகம் வாங்க ஊர் திரும்புவார்கள், பள்ளிகளுக்குத் தொடர் விடுமுறை விடுவார்கள். நம் பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை கிடைக்கும் சமயத்தில் பயணம் வைத்தால்தான் பணியில் உள்ள ஆசிரியர்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத் தேதியைக் குறித்த நிறுவனத்துக்கு, அதே சமயத்தில் அங்கே பள்ளி இருக்காது என்பது தெரியாமல் போயிருக்க முடியாது. ஆண்டுதோறும் அந்தப் பாதையில் யாத்திரை நடத்துகிறவர்கள் அவர்கள்.

அதன்பின் நடந்ததுதான் மனத்தை வருத்துகிறது. நிறுவனத்தின் உள்ளூர் ஆள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சீருடை போட்டு அழைத்துவந்தான். ஊஞ்சலில் இருந்து இறக்கிக் கூட்டிவந்த ஒரு சிறுவன், பண்டிகைக்கு எடுத்த புதுச்சட்டைக்கு மேலேயே சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு, புதுச்சட்டையின் கழுத்துப்பட்டை வெளியே தெரிய உட்கார்ந்திருந்தான். எங்களைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, பின்னால் தமிழில் எழுதிய பதாகையைக் கட்டி, படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். ஒரு வகுப்புகூட நடக்கவில்லை.

செய்தி கேட்டுத் தலைமையாசிரியர் வீட்டிலிருந்து வந்தார். ஆச்சி இந்தியில் பேசி, நன்கொடைத் தொகை எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்டார். அப்படி எதுவும் வரவில்லை என்றார் அவர். முந்தைய குழு நோட்டுப்புத்தகக் கட்டுகள் சிலவற்றைக் கொடுத்துவிட்டுப் போனதாகவும், நாங்கள் வரப்போவது குறித்துத் தமக்கு ஒரு கடிதமும் வரவில்லை என்றும் சொன்னார். 2015 அரசியலமைப்புக்குப் பின் பள்ளிக் கல்வி அங்கே உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் இருக்கிறது. வெளியாள் வகுப்பெடுக்க, அங்குள்ள உள்ளாட்சி மன்றமான கிராம நகராட்சிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெறவேண்டும் என்றும் விளக்கினார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் போதவில்லை, ஒரு பருவம் முழுக்க இருந்து நடத்தக்கூடியவர் யாராவது வந்தால் நல்லது என்று அவர் கேட்டுக்கொண்டதை எண்ணும்போதெல்லாம், எங்களிடம் வாங்கிய பணத்தில் எத்தனை செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

பள்ளி இல்லையென்று நாங்கள் சண்டை போட்டதும், அதற்குப் பதிலாகப் போக்ராவில் ஓர் அநாதை இல்லத்தில் பாடம் நடத்தலாம், அங்கேயும் நன்கொடை கொடுக்கலாம் என்றார்கள். மறுத்துவிட்டோம். பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளையே படிக்கவைக்கிறோம் என்று மலைக் கிராமங்களில் இருந்து கூட்டிவந்து, இல்லத்தில் வைத்து, வரும் வெளிநாட்டாரிடம் காட்டிப் பணம் பார்ப்பது நேபாளத்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் கொடுமை. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு யுனிசெஃப் இதைக் குறித்து வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. யார் அழைத்தாலும் அப்படிப்பட்ட இடத்துக்குப் போகாதீர்கள்.

ஊர் திரும்பியபின் செலவு விவரம் கேட்டு வாங்கினோம். அதில் விசாக் கட்டணம் என்று ஒரு தொகை இருந்தது. இந்தியர் நேபாளம் போக விசாவே வேண்டியதில்லை. சுனௌலியில் வாக்காளர் அட்டையைக் காட்டித்தான் நடந்து கடந்தோம். முக்திநாத் அமைந்திருக்கும் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டுக்கு மற்ற வெளிநாட்டாருக்கு உரிய 3,000 நேபாள ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். இந்தியா உள்ளிட்ட தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய்தான், என் கையில் இருந்த சீட்டிலும் அதுவே இருந்தது. நன்கொடைக்கு ரசீது இல்லை. இதையெல்லாம் கேட்டபோது, "சார், சேவைக்குப் போயிட்டு வந்து கணக்குக் கேக்கலாமா?" என்றார் நிறுவனத்தின் பொறுப்பாளர். கோயில் திருப்பணிக்குக் கொடுத்த பணத்துக்கும் ஐந்தொகை எடுத்துச் சபையில் வாசிக்கிற ஊர் இது. பிள்ளைகள் படிப்புக்கென்று கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது எங்கள் உரிமை மட்டுமல்ல, அந்தப் பள்ளிக்கு நாங்கள் செய்யவேண்டிய கடமையும்கூட.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமில்லை. குறை நேர்ந்த 2 ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

இத்தகைய பயணத்துக்கு முன்பணம் கேட்டால், பள்ளித் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட கடிதத்தையும், கிராம நகராட்சியின் ஒப்புதலையும், நீங்கள் போகும் தேதிகளில் பள்ளி நடக்கும் என்ற உறுதியையும் எழுத்தில் கேளுங்கள். நன்கொடையைப் பயண நிறுவனத்திடம் கொடுக்காமல் பள்ளியின் வங்கிக் கணக்கில் நீங்களே செலுத்துங்கள். அதே நிறுவனம் வரும் புரட்டாசிக்கும் அதே திட்டத்தைக் காட்டி ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்படுகிறோம். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும், அச்சிட்ட திட்டத்தாளையும், வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். பயணத் தேதிக்கு முன்பே எழுத்துமூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.