எலும்பு ஸ்லைடு: தேய்ப்பதா, அமிலத்தில் போடுவதா?

மனித எலும்பின் உள்ளமைப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வழக்கமான வழிகள் இரண்டு. காய்ந்த எலும்பைத் தேய்த்துத் தேய்த்து மெல்லியதாக்கும் கிரவுண்ட் செக்‌ஷன் ஒன்று. கால்சியத்தை அமிலத்தில் கரைத்தெடுத்து, மெத்தென்று ஆனதை மைக்ரோடோம் என்னும் சீவல் கருவியில் வெட்டும் டீகால்சிஃபைடு செக்‌ஷன் இன்னொன்று. வகுப்புக்கு ஸ்லைடு செய்யும் வேலை என்னிடம் வந்தபோது தேய்க்கும் வழியைத்தான் பிடித்தேன். இப்போதும் என் ஓட்டு அதற்கே.

செலவைப் பற்றிப் பேச அதிகமில்லை. ரம்பம், உப்புத்தாள், கண்ணாடித் தகடு, வலிக்காத விரல்கள் இருந்தால் போதும்.

எனக்கு விஷயத்தை முடித்துவைத்தது கனாலிகுலை என்னும் நுண்குழாய்கள். தொடை எலும்பின் நடுத்தண்டைக் குறுக்கே வெட்டினால் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஆஸ்டியான்கள் என்னும் வட்ட அலகுகள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவே ரத்தக்குழாய் ஓடும் ஹாவர்சியன் கால்வாய், அதைச் சுற்றி லாமெல்லா அடுக்குகள், அடுக்குகளுக்கிடையே லக்கூனா என்னும் குழிகள். ஒவ்வொரு குழியிலிருந்தும் சிலந்திக் கால்களாகப் பிரிந்து ஓடுபவைதான் கனாலிகுலை. கெட்டியான எலும்புக்குள் சிக்கியிருக்கும் ஆஸ்டியோசைட் என்னும் எலும்பு செல்லுக்குச் சாப்பாடு போய்ச்சேரும் பாதை அது. தேய்த்த எலும்பில் செல்கள் போய்விட்டதால் அந்த இடத்தில் காற்று நிற்கும். எந்தச் சாயமும் இல்லாமலே பாதை முழுக்கக் கறுப்பாக எழுந்து நிற்கும். அமிலத்தில் போட்டு ஹெச் அண்ட் ஈ (ஹெமடாக்சிலின், ஈயோசின்) சாயம் ஏற்றிய வெட்டில் இதைத் தேடினால் கண்தான் வலிக்கும்.

ஆனால் அந்தக் காற்றைக் காப்பாற்ற வேண்டும். ஸ்லைடு ஒட்டும் பசையான டிபிஎக்ஸை நீர்க்கவைத்து ஊற்றினால் அது குழாய்களுக்குள் புகுந்து படத்தையே அழித்துவிடும். கனடா பால்சம் என்னும் மரப்பிசினைச் சூடாக்கிக் கெட்டியாக்கி, எலும்பை வைத்ததும் சட்டென்று ஆறவிட வேண்டும். எலும்பில் கொழுப்பு மிஞ்சியிருந்தாலும் இதே கதி. அப்புறம், 50 மைக்ரானுக்குக் கீழே தேய்க்காவிட்டால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியும்.

செல்களைப் பார்க்க வேண்டுமா? எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட், அதைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட், மஜ்ஜை எல்லாம் அமில வழியில்தான். நைட்ரிக் அமிலம் வேகமானது. கொஞ்சம் கூடுதலாக ஊறினால் நியூக்ளியஸ் சாயம் பிடிக்காது. ஃபார்மிக் நிதானம். கால்சியத்தைப் பிடித்திழுக்கும் இடிடிஏ வாரக்கணக்கில் இழுக்கும், திசுவை நன்றாகக் காக்கும் என்கிறார்கள். எனக்கு அதில் கைப்பழக்கம் குறைவு. பஞ்சு எலும்பு வந்தால் நானும் அமிலத்துக்குத்தான் போவேன். அதில் வலைபோல் இருக்கும் மெல்லிய டிரபெகுலா தேய்க்கும்போதே நொறுங்கிவிடும்.