மூன்று வார லீவும் அப்பாவின் பயாப்ஸியும்

துபாயிலிருந்து மதுரைக்கு வந்தது தங்கையின் புது வீட்டுப் பால் காய்ப்புக்கு. பாதி லீவு ஆஸ்பத்திரி வராந்தாவில் போனது. அப்பாவுக்கு 69 வயது. புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை, பிஎஸ்ஏ, 8.2 என்று அதிகமாக வந்த சீட்டை, மகன் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று மாதமாகப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்திருக்கிறார்.

எம்ஆர்ஐயில் ஒரு சந்தேகப் புள்ளி, அடுத்தது பயாப்ஸி, அதாவது ஊசியால் சுரப்பியிலிருந்து சின்னத் துண்டுகள் எடுத்துச் சோதிப்பது. மயக்கம் கொடுப்பார்கள் என்றதுமே அப்பா எழுந்து வெளியே நடக்கப் பார்த்தார். "ஐயா, பல் பிடுங்க மரத்துப்போற ஊசி போடுவாங்கல்ல, அதே மருந்துதான், முழிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்றார் யூராலஜி டாக்டர். முன்பெல்லாம் ஆசனவாய் வழியாகத்தான் ஊசி விடுவார்களாம், கிருமித் தொற்று பயம் உண்டு; இப்போது விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் தோல் வழியாக எடுக்கிறார்கள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "மருந்து ஏத்தறப்பதான் சுரீர்னுச்சு, அப்புறம் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக் டக்னு சத்தம், 12 வரைக்கும் எண்ணினேன்" என்றார் அப்பா. சிறுநீர் போனதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் சிவப்பாகப் போகும் பயப்படாதீர்கள் என்று சொல்லி அன்று மதியமே அனுப்பிவிட்டார்கள்.

சிகிச்சையில் குறையே இல்லை. எரிச்சல் எல்லாம் இன்சூரன்ஸ் கவுன்டரில்தான். இது வெறும் பரிசோதனை, க்ளெய்ம் ஆகாது என்பதைச் சொல்ல மூன்று ஜன்னல், இரண்டு மணி நேரம். முதல் நாளே சொல்லியிருந்தால் பேசாமல் கட்டியிருப்பேன்.

ஒன்பது நாள் கழித்து ரிப்போர்ட்: இரண்டு துண்டில் மட்டும் புற்றுநோய், க்ளீசன் 3+3, அதாவது வீரியம் குறைந்த வகை. உடனே அறுத்துவிடு என்று பெரியப்பா. உறைய வைத்தும் லேசரில் சுட்டும் அந்த இடத்தை மட்டும், சில சமயம் மரத்துப்போகும் ஊசியிலேயே, அழிக்கிறார்களாமே என்று நான். டாக்டர் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. இங்கிலாந்தில் 1,643 பேரைச் சுமார் 15 வருஷம் பார்த்த புரோடெக்ட் ஆய்வில், அறுவை செய்தவர், கதிர்வீச்சு வாங்கியவர், உடனே சிகிச்சை எடுக்காமல் கண்காணிப்பில் இருந்தவர் எல்லோரையும் சேர்த்தே இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு என்று விளக்கினார். அறுவையில் சிறுநீர் கசிவு வரலாம் என்றதும் அப்பா முடிவெடுத்துவிட்டார், கண்காணிப்புதான்.

கிளம்புகிற அன்று காலையில் பார்த்தால் அடுத்த பிஎஸ்ஏ தேதியை நாள்காட்டியில் பெரிதாக வட்டமிட்டிருக்கிறார். "இதுக்கு நீ வர வேணாம்ப்பா, ஆட்டோவுல நானே போயிக்குவேன்."