முக்காலியா, டேவிட் கையா? குழிக்குள் இறங்குபவரை மேலே கொண்டுவரும் கருவிகள்: ஓர் ஒப்பீடு

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தொட்டிச் சுத்தமும் கலன் பழுதுபார்ப்பும் எடுத்துச் செய்யும் சிறு கான்ட்ராக்டர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: கையில் இருக்கும் பணத்துக்கு, குழிவாய்க்கு மேல் நிறுத்தி ஆளைத் தூக்கும் மூன்று கால் சட்டமான முக்காலி வாங்குவதா, ஒற்றைத் தூணில் சுழலும் டேவிட் (davit) கை வாங்குவதா? பாரிமுனைக் கடைகளில் விசாரித்தால் எத்தனை கிலோ தாங்கும் என்ற கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். அது வேண்டிய கணக்குதான். ஆனால் நான் எந்தக் கருவியையும் வேறொரு கேள்வியோடுதான் அணுகுகிறேன். உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்துவிட்டார். மேலே நிற்பவர் ஒருவர்தான். அந்த ஒருவர், தான் குழிக்குள் இறங்காமலேயே, அந்தக் குறுகிய வாய் வழியாக அவரை மேலே தூக்கித் தரையில் கிடத்த முடியுமா?

இந்தக் கேள்வியை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. இத்தகைய குறுகிய, மூடிய இடங்களில் நடந்த மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது. நம் செய்தித்தாள்களிலும் இதே வரிசையைத்தான் படிக்கிறோம்: ஒருவர் மயங்குகிறார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அடுத்து அண்ணனோ தம்பியோ இறங்குகிறார். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் அங்கேதான் விழுகிறார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் இந்த ஒப்பீட்டில் இல்லை. அங்கே வேலை செய்ய வேண்டியது உறிஞ்சும் லாரியும் ஜெட்டிங் இயந்திரமும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தான துப்புரவுப் பணியில் ஆட்களை ஈடுபடுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. முக்காலி இருக்கிறதே என்ற துணிச்சலில் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதற்கு இந்தக் கட்டுரை துணை நிற்காது. நான் பேசுவது ஆள் இறங்கியே தீரவேண்டிய இடங்களைப் பற்றி: ரசாயனக் கலன், டேங்கர் லாரியின் தொட்டி, குடிநீர் வால்வு அறை, கேபிள் குழி, அடுக்குமாடியின் தண்ணீர் சம்ப். இவற்றிலும் காற்றைப் பரிசோதித்து, உள்ளே காற்றை ஊதும் புளோயர் போட்டு, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று பார்த்த பிறகுதான் கயிற்றைப் பற்றிய பேச்சே வரும். மூடியே கிடந்த வால்வு அறையில் இரும்பு துருப்பிடிப்பதே ஆக்சிஜனைக் குடித்துவிடும். அங்கே விஷவாயு இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

இனி ஒப்பீடு. முக்காலிக்கும் டேவிட் கைக்கும் முன்னால், பெரும்பாலான இடங்களில் இன்றும் புழங்கும் மூன்றாவது போட்டியாளரைப் பார்த்துவிடலாம்: கையில் பிடித்த கயிறு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-வது பிரிவில் சொன்னதே இதுதான்: இறங்குபவர் பெல்ட் கட்ட வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்கு அது முன்னேற்றம். ஆனால் எழுபது கிலோ ஆள், ஈரத் துணியோடு, உணர்வில்லாமல், நான்கு மீட்டர் ஆழத்தில் கிடந்தால் குனிந்து நிற்கும் ஒருவரால் தூக்கவே முடியாது. கயிறு குழியின் சிமென்ட் விளிம்பில் உரசும். இழுப்பவரின் பாதி பலம் அந்த உரசலிலேயே போய்விடும். இரண்டு பேர் பிடித்தாலும் மூச்சு வாங்க நிறுத்தும்போது சுமையை விடாமல் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அமெரிக்க விதிகள் ஐந்தடிக்கு மேல் ஆழமுள்ள செங்குத்துக் குழிக்கு இயந்திரத் தூக்கி கட்டாயம் என்று சொல்வது இதனால்தான். கைக்கயிற்றை நான் போட்டியிலிருந்தே நீக்குகிறேன்.

முக்காலியின் பலம் அதன் எளிமை. அலுமினியக் கால்கள் மூன்று, மேலே தலை, கப்பி. ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோகலாம். இருவர் சில நிமிடத்தில் நிறுத்திவிடலாம். வண்ணாரப்பேட்டையின் குறுகிய தெருவில் கேபிள் குழி ஒன்றைத் திறந்தால் சுற்றி இருக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஆனால் அந்தத் தெருவின் தரையைப் பாருங்கள். ஒரு கால் கான்கிரீட் மேல், இன்னொன்று வெட்டி மூடிய தார் ஒட்டின் மேல், மூன்றாவது வடிகால் பலகையின் ஓரத்தில். சுமை ஏறியதும் கால்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அதைத் தடுப்பது மூன்று பாதங்களையும் இணைக்கும் சங்கிலி. அந்தச் சங்கிலி தொய்ந்து கிடந்தால் முக்காலி நிற்பதாகவே எண்ணக் கூடாது. தார்ச்சாலையிலும் மண்ணிலும் பாதத்தின் கூர்முனை பதிய வேண்டும். கான்கிரீட்டில் ரப்பர் பக்கம் படிய வேண்டும். கால் நீளத்தைப் பூட்டும் பின்கள் மூன்றிலும் ஒரே துளையில் இருக்க வேண்டும் என்பதில்லை. தலை நேராகக் குழியின் நடுவுக்கு மேல் வர வேண்டும் என்பதே முக்கியம்.

முக்காலியின் உண்மையான பலவீனம் பக்கவாட்டுச் சுமை. மூன்று கால்களுக்கு நடுவே நேர்கீழாக இருக்கும் சுமையைத்தான் அது தாங்கும். தூக்கிய ஆளைத் தொங்கவிட்டபடியே பக்கத்தில் இழுத்தால் சாய்ந்துவிடும். ஆகவே உயரம் முக்கியம். கால்களைக் குறுக்கி நிறுத்தினால் ஆள் இடுப்புவரைதான் வெளியே வருவார். மீதியைக் கையால் இழுக்க வேண்டும், அப்போதுதான் முக்காலி ஆடும். கால்களை முழு உயரத்துக்கு நீட்டி, பாதம் குழிவாய்க்கு மேலே வரும்வரை தூக்கி, பலகையைக் குழியின் மேல் போட்டு, அதன் மேல் இறக்க வேண்டும். முன்பே ஒருமுறை மணல் மூட்டையை வைத்து இதைச் செய்துபார்க்காத குழு, அவசரத்தில் தடுமாறும்.

டேவிட் கை என்பது ஒற்றைத் தூணும் அதிலிருந்து நீளும் கையும். அடிப்பாகம் கனமான சட்டமாகவோ தரையில் போல்ட் போட்டுப் பதித்த குழாயாகவோ இருக்கும். முக்காலியால் முடியாத ஒன்று இதனால் முடியும்: தூக்கிய ஆளை அப்படியே சுழற்றி, குழிக்கு வெளியே, சமதரையில் இறக்கலாம். என் கேள்விக்கு இதுவே நேரான பதில். மாதவரம், மணலிப் பக்கம் டேங்கர் லாரித் தொட்டிகளைக் கழுவும் இடங்களில் போட்டியே இல்லை. வளைந்த தொட்டியின் முதுகில் முக்காலியின் கால்களை நிறுத்த முயல்வதே ஆபத்து. அங்கே மேடையில் நிரந்தரமாகப் பதித்த குழாயும், அதில் செருகும் கையும், அல்லது தலைக்கு மேல் ஓடும் ரெயிலும்தான் சரி. ஒரே இடத்தில் தினமும் நடக்கும் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு டேவிட் கையை வாங்கலாம்.

தெருவுக்குத் தெரு மாறும் வேலைக்கு அது ஒத்துவராது. விலை கணிசமாக அதிகம், பாகங்கள் கனம், அடிச்சட்டத்துக்குச் சமதளம் வேண்டும். போல்ட் போட்டுப் பதிக்கும் வகையில் இன்னொரு சிக்கல்: தூணின் வலிமையைவிட அது நிற்கும் கான்கிரீட்டின் வலிமைதான் கணக்கு. கயிற்றை மாட்டும் இடமான நங்கூரப்புள்ளி ஒன்றுக்கு அமெரிக்க விதி கேட்பது 5,000 பவுண்டு, அதாவது சுமார் 22 கிலோநியூட்டன். ஐரோப்பியத் தரமான இஎன் 795 தூக்கிச் செல்லக்கூடிய உலோக நங்கூரத்துக்கு 12 கிலோநியூட்டன் கேட்கிறது. கடற்காற்றில் கம்பி துருத்தி நிற்கும் பழைய மேடை அதைத் தாங்குமா என்பதைப் பொறியாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல.

நான்கு கால் சட்டம் முக்காலியைவிட நிலையானது, அகலமான சம்ப் வாய்க்கு நல்லது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியின் பின்புறக் கொக்கியில் மாட்டும் கையும் உண்டு. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியை மேலே நிற்பவர் பையில் போட்டுக்கொண்டால் ஒழிய அதை நம்ப மாட்டேன். இன்ஜின் ஓடினால் புகை நேராகக் குழிக்குள்தான் போகும். ஜேசிபி வாளியிலும் கிரேன் கொக்கியிலும் செயின் பிளாக்கிலும் ஆளைத் தொங்கவிடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அவை சரக்குக்கானவை.

இவற்றில் எந்தக் கருவியை வாங்கினாலும் அதில் தொங்குவது என்ன என்பதில்தான் பலர் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். விஞ்ச் (கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை இழுக்கும் உருளை) மட்டும் போதும் என்பார்கள். விஞ்ச் தூக்குவதற்கு, விழுவதைத் தடுப்பதற்கு அல்ல. ஏணியில் இறங்குபவருக்காகக் கயிற்றைத் தளர்வாக விட்டிருந்தால், கால் வழுக்கியதும் அந்தத் தளர்வு முழுவதும் விழுவார். அதிர்ச்சியைத் தாங்கும் பாகம் விஞ்சில் கிடையாது. கயிற்றைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும் ஃபால் அரெஸ்டரோ, அதாவது விழுவதைத் தடுக்கும் கருவியோ, கார் சீட் பெல்ட்டைப் போல, சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு குறை இருக்கிறது. மூச்சுத் திணறி மெல்லச் சரிபவரையோ சேற்றில் மெதுவாக அமிழ்பவரையோ அது பிடிக்காது. வேகம் போதாததால் கயிறு வெளியே வந்துகொண்டே இருக்கும். பிடித்துவிட்டாலும் சாதாரண வகையால் அவரை மேலே தூக்க முடியாது.

ஆகவே இரண்டும் வேண்டும்: ஒரு காலில் விஞ்ச், மறு காலில் ஃபால் அரெஸ்டர். ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கிறது, இறங்குவது ஏணி வழியாக என்றால், கைப்பிடியும் சேர்ந்த மீட்பு வகை அரெஸ்டரை வாங்குங்கள். விழுந்தால் பிடிக்கும், கைப்பிடியை இணைத்துச் சுற்றினால் தூக்கும். ஏணியே இல்லாத குழியில் அது போதாது, விஞ்சும் வந்தே ஆக வேண்டும். மேலே நிற்பவர் கண்ணைக் குழியிலிருந்து எடுக்கக் கூடாது. அவருக்குப் போன், டீ, கையெழுத்து என்று வேறு வேலை கொடுக்கும் சூப்பர்வைசரிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

உடலில் கட்டுவதில் தயக்கமே வேண்டாம். இடுப்பு பெல்ட்டை அமெரிக்கக் கட்டுமான விதிகள் விழுவதைத் தடுக்கும் கருவியாக 1998-லேயே நீக்கிவிட்டன. மயங்கியவரை இடுப்பில் பிடித்துத் தூக்கினால் உடல் இரண்டாக மடங்கிக் குழிவாயில் சிக்கும். இந்தியத் தரமான ஐஎஸ் 3521 முத்திரையுள்ள முழு உடல் ஹார்னஸ் (தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் பட்டை) வேண்டும். குறுகிய வாய்க்கு முதுகு வளையத்தைவிட இரு தோள்களிலும் வளையமுள்ள வகை நல்லது. நடுவே ஒரு குறுக்குச் சட்டம் போட்டுத் தூக்கினால் ஆள் நேராக வருவார், தலை விளிம்பில் மோதாது. அமிலம் புழங்கும் இடத்துக்கு நைலான் பட்டை ஆகாது, பாலியஸ்டர் வாங்க வேண்டும். காஸ்டிக் புழங்கும் இடத்தில் பாலியஸ்டர்தான் கெடும். டேங்கர் கழுவுபவர்கள் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

காசிமேட்டிலும் எண்ணூரிலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. துத்தநாகம் பூசிய கம்பிக் கயிற்றை உப்புக் காற்று விட்டுவைக்காது. கூடுதல் விலை கொடுத்து ஸ்டெயின்லெஸ் கயிறு வாங்குவது வீண்செலவல்ல. விசைப்படகின் மீன் அறைக்குள் இறங்குவதும் குழிக்குள் இறங்குவதுதான். அழுகிய மீன் அதே ஹைட்ரஜன் சல்பைடைத் தரும். ஆடும் தளத்தில் முக்காலியின் பாதங்களைத் தளத்தோடு சேர்த்துக் கட்டாமல் யாரையும் இறக்கக் கூடாது.

வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம், தவறில்லை. எடுக்கும்போது தயாரிப்பாளர் பட்டையில் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா, கடைசியாகச் சோதித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பிக் கயிற்றை முழுவதும் வெளியே இழுத்து, தடித்த கையுறையோடு தடவுங்கள். ஓர் இழை அறுந்து குத்தினாலும் திருப்பிக் கொடுங்கள். அரெஸ்டரை வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா என்று சோதியுங்கள். ஒருவர் விழுந்ததைக் காட்டும் சிவப்புக் குறி கொக்கியின் உள்ளே தெரிந்தால், அது ஏற்கெனவே ஒருவரைப் பிடித்த கருவி. தயாரிப்பாளர் பழுது பார்க்கும்வரை அதைத் தொடாதீர்கள்.