மீன் ஏலக் கணக்கு: மோங்கோவில் நான்கு வருடம், பிறகு போஸ்ட்கிரெஸ்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் ஒரு கமிஷன் கடைக்கு 2021-இல் பில் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் மோங்கோடிபி. அதை எடுக்க வைத்ததே மீன்தான். இறாலுக்குக் கிலோவுக்கு எத்தனை என்ற கவுண்ட் வேண்டும். நண்டு உயிரோடு இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். வஞ்சிரத்தைத் தனித்தனியாக எடை போடுவார்கள், மத்தி பெட்டிக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே டேபிளில் அடைத்தால் பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். மோங்கோவில் ஒரு பில் என்றால் ஒரு டாக்குமெண்ட், அந்த மீனுக்கு வேண்டியது மட்டும் உள்ளே. மூன்று வாரத்தில் கடையில் ஓடவிட்டேன். முதல் வருடம் எந்தக் குறையும் இல்லை.

இரண்டாம் வருடம் ஒரு மாதக் கமிஷன் குறைவாக வந்தது. எர்ரர் எதுவும் இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு பிடிபட்டது: மொபைல் ஆப்பின் ஒரு வெர்ஷன் எடையை எண்ணாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பியிருக்கிறது. மோங்கோ கூட்டும்போது எண் அல்லாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எதில் எண், எதில் எழுத்து என்று முன்கூட்டியே விதிப்பதுதான் ஸ்கீமா; அதைச் சரிபார்க்கும் வசதி மோங்கோவின் 3.6 வெர்ஷனிலேயே வந்துவிட்டது, நான்தான் போடவில்லை. 'ஸ்கீமா இல்லாதது சுதந்திரம்' என்று நண்பர்களிடம் பெருமை பேசியவனும் நான்தான்.

பெரிய அடி 2024 நவம்பர் கடைசியில். ஃபெஞ்சல் புயலுக்காகப் படகெல்லாம் கரையில் கிடக்க, வியாபாரிகள் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பணம் வந்தால் பில்லில் வரவு வைக்க வேண்டும், வியாபாரியின் பாக்கியையும் குறைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு டாக்குமெண்ட். முதலாவது முடிந்து இரண்டாவதுக்குள் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. அடுத்த வாரம் ஒருவர் வந்து, "இன்னா தம்பி, கையில காசு குடுத்துட்டுப் போனேன், இன்னும் பாக்கின்னு காட்டுது?" என்றார். "உங்க தப்பு இல்லண்ணா" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஒன்று நின்றால் எல்லாமே ரத்தாகும்படி பல டாக்குமெண்டுகளைச் சேர்த்து ட்ரான்ஸாக்‌ஷன் செய்யும் வசதி மோங்கோவில் 4.0-இல், 2018-இலேயே வந்தது. ஆனால் அதற்கு ரெப்ளிகா செட் (டேட்டாவுக்கு நகல் வைத்துக்கொள்ளும் அமைப்பு) வேண்டும். கடையில் ஓடியது அப்படி அமைக்காத ஒற்றை கம்ப்யூட்டர்.

2025 மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில், டேபிள் டேபிளாக வைக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறினோம். கோட் மாற்றியது கொஞ்சம்தான். நாளைத் தின்றது பெயர்கள். ஒவ்வொரு பில்லிலும் வியாபாரியின் பெயரை அப்படியே எழுதி வைத்திருந்ததால் விழுப்புரத்துக்காரர் ஒருவரே மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக இருந்தார். கணக்குப்பிள்ளை பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இவரும் அவரும் ஒண்ணு, இது அவரு மச்சான்" என்று சொல்லச் சொல்லச் சேர்த்தேன்.

இப்போது வியாபாரி, படகு, பில், வரவு எல்லாம் தனித்தனி டேபிள், அவற்றை ஒன்றோடொன்று கட்டிப்போட நடுவில் ஃபாரின் கீ. மீனுக்கு மீன் மாறும் விவரம் மட்டும், எதையும் போட்டுக்கொள்ளலாம் என்கிற ஒரு ஜேசன்பி (JSONB) நெடுவரிசையில். 9.4-இலிருந்தே, அதாவது 2014 முதலே, போஸ்ட்கிரெஸில் இருக்கும் வசதி. 2021-இல் இதைச் சரியாகப் படித்திருந்தால் மோங்கோ பக்கமே போயிருக்க மாட்டேன். படகு வாரியாகப் பாக்கி எடுக்க முன்பு மோங்கோவில் இரண்டு பக்கத்துக்கு நீண்ட பைப்லைன் எழுத வேண்டும், இப்போது பத்து வரிக்குள் எஸ்க்யூஎல்.

தொல்லை இல்லாமல் இல்லை. ஜேசன்பி நெடுவரிசைக்குள் தேடும்போது போடும் அம்புக்குறிகள் எனக்கு இன்னும் கைவரவில்லை. அதைவிட மோசம், விடியற்காலை ஏலத்தில் புதிதாக ஒருவர் மீன் எடுத்தால், பதிவில் இல்லாத ஆளுக்கு பில் போட ஃபாரின் கீ விடாது. மோங்கோ கேள்வியே கேட்காது. ஐஸ் பெட்டி உருகிக்கொண்டிருக்கும்போது ஆதார் நம்பரா கேட்க முடியும்? அதனால் 'புது ஆள்' என்று ஒரு வரியை டேபிளில் வைத்திருக்கிறேன். ஏலம் முடிந்து டீ வந்ததும், கணக்குப்பிள்ளை அந்தப் பில்களை ஒவ்வொன்றாக உரியவர் பெயருக்கு மாற்றுகிறார். நேற்று ஏழு.